பூட்டிய பொறியும் பொதுவான திறவுகோலும்

விலைகொடுத்து வாங்கிய பொருள் வாங்கினவனுக்கே உரியது என்பது எல்லாரும் ஒப்பிய நீதியாம். கடைத்தெருவில் வாங்கிய கோடரியொன்று, 'எந்தப் பட்டறையில் எனக்குக் காம்பு போட்டாய்? இன்ன பட்டறைக் காம்பாயிருந்தாலன்றி யான் விறகு பிளவேன்' என்று உரைப்பதில்லை. உரைக்குமாயின், அதனை விற்றவனிடமே எறிந்துவிட்டு வருவோம். ஆயினும், இக்காலத்து நுண்பொறிகளுள் சில, தம்மை வாங்கினவன் எவ்வகைக் கணினியை வைத்திருக்கின்றான் என்று நோக்கி, ஒருவனுக்கு ஊழியஞ் செய்து, மற்றொருவனுக்கு வாய்மூடி இருக்கின்றன. நாமோ அவற்றைத் திருப்பி எறிவதில்லை. நம் கணினியைக் குறைகூறி, வேறொன்று வாங்கப் பணந் தேடுகின்றோம். இவ்வழக்கம் தக்கதன்று என்பதும், இதனை நீக்கும் வழி மாணாக்கராகிய நம் கையிலும் ஒருபால் இருக்கின்றது என்பதும் எம் கருத்து. ஒரு சிறு டாங்கிளைக் கொண்டு இதனை விளக்கப் புகுகின்றோம்.

டாங்கிள் என்பது விரலளவான ஒரு மோடம். தன்னுள் ஒரு சிம் அட்டையை ஏற்றுக் கணினியின் யு.எஸ்.பி. துளையிற் செருகப்பட்டு, கைப்பேசிக் கோபுரத்தின் வழியே கணினிக்கு இணையத்தைத் தருவது. கம்பியும் கண்ணாடியிழையும் வந்து சேராத வீடுகளுக்கு இது பெருந்துணை. 'கைப்பேசியினின்றே கணினிக்கு இணையத்தைப் பகிரலாமே, டாங்கிள் எற்றுக்கு?' என நேயர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயின் எம் இல்லத்தில் இணையமுடைய கைப்பேசி ஒன்றே உண்டு. அது லாரி ஓட்டும் எம் தந்தையாரோடு மாதத்தில் இருபது நாள் வெளியூர்களிற் சுற்றுகின்றது. அவர் கைப்பேசியின்றிச் சரக்கு ஏற்றவும் இயலாது, இறக்கவும் இயலாது. இத்தகைய இல்லங்கள் எம் ஊரில் எமதொன்றே அன்று.

எம் கணினியின் வரலாற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுதல் வேண்டும். தமிழ்நாட்டரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மாணாக்கருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. அப்பொழுது மேனிலைப் பள்ளியின் இறுதி வகுப்பில் இருந்த எம் தமக்கையாருக்கு ஒன்று கிடைத்தது. அம்முதற் கணினிகளில் விண்டோஸ் என்னும் இயங்குதளமும், சி-டாக் நிறுவனத்தார் டெபியன் லினக்சை அடியாகக் கொண்டு அமைத்த 'பாஸ்' என்னும் இயங்குதளமும் அருகருகே இருந்தன. தமக்கையார் படித்து முடித்து, மணமாகிப் புக்ககஞ் சென்ற பின்னர், அக்கணினி பல ஆண்டு பரணிற் கிடந்தது. யாம் கல்லூரி புகுந்த ஆண்டில் அதனை எடுத்துத் துடைத்து நோக்கியபோது, மின்கலம் முற்றும் செத்திருந்தது, விண்டோஸ் எழவில்லை, லினக்ஸ் எழுந்தது. விடுதியில் மூத்த மாணவரொருவர் டெபியனின் பிந்திய பதிப்பொன்றை அதில் இட்டுத் தந்தார். கணினி சிறியதாதலின், இன்றியமையாதவற்றை மட்டுமே இட்டார். இச்சிக்கனமே பின்னர் எமக்கு ஓர் இடரைத் தந்தது.

சென்ற விடுமுறையில், ஒரு நூலின் இரு பதிப்புகளை ஒப்புநோக்கிக் கட்டுரை எழுதி, கல்லூரி திறக்கும் நாளுக்குள் மின்னஞ்சலில் அனுப்புமாறு பேராசிரியர் பணித்தார். பதிப்புகளோ அச்சில் அரியவை. 1998ஆம் ஆண்டு தொடங்கி, தமிழ் நூல்களை மின்வடிவில் ஆக்கி விலையின்றி வழங்கும் மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தாரின் மின்னூலகத்திலும் அவற்றைத் தேட வேண்டியிருந்தது. எந்தையார் கைமாறிவந்த 4ஜி டாங்கிளொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கித் தந்தார். அதனைக் கணினியிற் செருகினோம். விளக்கு மின்னிற்று. இணையம் வரவில்லை. திரையில், இல்லாத ஒரு குறுந்தகடு இருப்பதாகப் படமொன்று தோன்றிற்று.

விற்ற கடைக்காரரை வினவினோம். 'தம்பி, இது லினக்சில் ஓடாது. எழுநூறு ரூபாய் கொடு, விண்டோசைப் போட்டுத் தருகிறேன்' என்றார். அவர் போட இருந்தது உரிமம் இல்லாத பிரதி. அதனை அவரே மறைக்கவுமில்லை. ஊரெல்லாம் செய்வதுதானே என்றார். யாம் உடன்படவில்லை. ஒருவர் விலைக்கு விற்கும் பொருளைத் திருட்டுப் பிரதியாகக் கொள்வது தீது என்பது ஒருபுறமிருக்க, மற்றொருவர் மனமுவந்து கொடையாகத் தந்த பொருள் கணினியில் ஏற்கெனவே இருக்கையில், அதனை அழித்துவிட்டுத் திருடுவது பேதைமையுமன்றோ?

நிற்க. டாங்கிள் ஏன் குறுந்தகடாகத் தோன்றிற்று? இதனை அறிந்துகொள்ள எமக்கு மூன்று நாள் சென்றன. நேயர் மூன்று நொடியில் அறிந்துகொள்க. இவ்வகைக் கருவி இரு வேடந் தாங்குவது. செருகியவுடன் அது தன்னை மோடமென்று சொல்லாது. குறுந்தகட்டுப் பெட்டியென்றே சொல்லும். அப்பொய்த் தகட்டினுள் விண்டோசுக்குரிய மென்பொருள் வைக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் அதனைக் கண்டு நிறுவிக்கொள்ளும். நிறுவப்பட்ட மென்பொருள் கருவிக்கு ஒரு குறிப்பிட்ட செய்தியை அனுப்பும். அச்செய்தியைக் கேட்டதும் கருவி தகட்டு வேடத்தைக் களைந்து, ஒருமுறை துண்டித்து மீண்டும் இணைந்து, மோடமாக எழும். வேறு தகடு தேடாமலே நிறுவிக்கொள்ளலாம் என்னும் வசதிக்காகவே இவ்வாறு அமைத்தனர், வஞ்சனை கருதியன்று. ஆயின், அம்மென்பொருள் ஓடாத இயங்குதளத்தில் அச்செய்தியை அனுப்புவார் யாருமிலர். கருவி குறுந்தகடாகவே இருந்து உறங்கும். கடைக்காரர் 'ஓடாது' என்றது இவ்வுறக்கத்தைக் கண்டே. மந்திரச் சொல் ஒன்று வேண்டும். அச்சொல்லை ஆக்கியோர் எங்கும் எழுதி வைக்கவில்லை. இதுவே நோயின் முதல்.

இந்நோய்க்கு மருந்து கண்டவருள் தலையாயவர் ஜெர்மனி நாட்டினரான ஜோசுவா டீட்சே என்பார். அவர் இயற்றிய 'யு.எஸ்.பி. மோட்ஸ்விட்ச்' என்னும் சிறு மென்பொருள், லினக்சிலிருந்தே அச்செய்தியை அனுப்பிக் கருவியை எழுப்புகின்றது. சொல் எவ்வாறு கிடைத்தது? விண்டோஸ் கணினியில் கருவி இயங்கும்போது யு.எஸ்.பி. வழியே செல்லும் செய்திகளைப் பதிவுசெய்து, அவற்றுள் வேடத்தை மாற்றுவது எதுவென ஆய்ந்து கண்டனர். கருவிதோறும் சொல் வேறுபடும். ஆகவே பல நாட்டுப் பயனர் தத்தம் கருவியின் சொல்லைக் கண்டு எழுதியனுப்ப, அவையனைத்தும் ஒரு தொகுப்பாகச் சேர்ந்தன. அத்தொகுப்பு இன்று பற்பல லினக்ஸ் வழங்கல்களில் விலையின்றி இருக்கின்றது. ஆக்கியோர் ஒரு பக்கத்தில் எழுதியிருக்கக்கூடிய செய்தியை, அன்னோர் ஆண்டுக்கணக்கில் ஒற்றறிந்து திரட்ட வேண்டியதாயிற்று.

எம் கணினியிலோ அம்மென்பொருள் இல்லை. மேற்கூறிய சிக்கனத்தால் விடுபட்டது. அதனைப் பெறுதற்கு இணையம் வேண்டும்; இணையம் பெறுதற்கு அது வேண்டும். கிணற்றில் நீரிறைக்கக் கயிறு வேண்டியிருக்க, கயிறு கிணற்றுக்குள்ளே கிடந்த கதை இது. பென்டிரைவ் ஒன்றை எடுத்துக்கொண்டு பேருந்தேறித் தாலுகா நகரத்து இணைய மையத்திற்குச் சென்று, அப்பொதியையும் அதற்குரிய தரவுப் பொதியையும் அவற்றின் துணைப் பொதிகளையும் இறக்கிக் கொணர்ந்தோம். முதல் நாள் துணைப் பொதியொன்றை மறந்து திரும்பினோம். மறுநாள் மீண்டும் சென்றோம். நிறுவியபின் டாங்கிளைச் செருக, குறுந்தகட்டுப் படம் தோன்றி மறைந்தது. யு.எஸ்.பி. கருவிகளின் பட்டியலை நோக்கினால், கருவியின் அடையாள எண்ணில் ஆக்கியோரைக் குறிக்கும் முற்பகுதி மாறாதிருக்க, பொருளைக் குறிக்கும் பிற்பகுதி மாறியிருந்தது. வேடங் களைந்ததற்கு அதுவே சான்று.

அப்பால் நிகழ்வன வியக்கத்தக்கவை. லினக்சின் கருவினுள் 'ஆப்ஷன்' என்னும் பெயருடைய ஓட்டி ஒன்றுண்டு. முதலில் அப்பெயருள்ள பெல்ஜிய நிறுவனத்தாரின் அட்டைகளுக்கென எழுதப்பட்டு, பின்னர்ப் பல நிறுவனங்களின் மோடங்களுக்கும் உழைப்பதாயிற்று. அது கருவிக்குச் சில வாயில்களைத் திறந்து தருகின்றது. 'மோடம் மேனேஜர்' என்பது அவ்வாயில்களில் 'ஏ.டி.' எனத் தொடங்கும் கட்டளைகளை அனுப்பி, விடையளிப்பது எது என்று தேர்கின்றது. அவ்விரண்டெழுத்தும் 'கவனி' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். 1981ஆம் ஆண்டில் ஹேய்ஸ் என்னும் அமெரிக்கர் தம் தொலைபேசி மோடத்திற்கென வகுத்த மொழி அது. அம்மொழி வெளிப்படையாக இருந்தமையாலன்றோ, நாற்பதாண்டு கடந்தும் 4ஜி கருவியும் அதனைப் பேசுகின்றது! மறைத்தது நிலையாது, வெளியிட்டதே நிலைக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

எம் இடர்கள் அத்துடன் தீர்ந்தில. சிம் நிறுவனத்தின் 'ஏ.பி.என்.' என்னும் வாயிற்பெயரை அமைப்புப் பட்டியலில் இடவேண்டும். யாம் அதனை ஓரெழுத்துப் பிழைபட இட்டு ஒருநாள் முழுதும் வீணே கழித்தோம். ஓரெழுத்துப் பாடபேதம் பொருளைக் கெடுக்கும் எனத் தமிழ் வகுப்பில் பலகாற் கேட்டும், ஈண்டு அதனை மறந்தோம். பிழை திருத்தியபின் இணைப்பு வந்தும் அடிக்கடி அறுந்தது. ஏ.டி. கட்டளையொன்று அலையின் வலிமையைச் சுழியம் முதல் முப்பத்தொன்று வரையுள்ள எண்ணாற் கூறும். தெரியாவிடில் 99 என்னும். அறைக்குள் 5 என வந்தது. கணினியைத் திண்ணைக்கு எடுத்துச் சென்றபோது 17 ஆயிற்று. மேலும், யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லியாம்பியர் மின்னோட்டமே தருதற்கு உரியது. பழங்கணினியில் ஒரு துளை அதனையும் முற்றத் தரவில்லை போலும். வேறு துளைக்கு மாற்றியபின் அறுதல் நின்றது. கட்டுரை குறித்த நாளுக்கு ஒருநாள் முன்னரே பேராசிரியரைச் சென்றடைந்தது.

இனி, எம் கருத்துக்கு வருவோம். இத்துணை அல்லலையும் கேட்ட நண்பரொருவர், 'விண்டோஸ் வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்குமே. லினக்சின் குறையை நிறையாகப் பேசுகின்றீர்' என்றார். அவர் கூற்றில் உண்மை உண்டு. அதனை மறைக்க மாட்டோம். லினக்சைப்பற்றிய உதவிக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. பல, பதினைந்தாண்டுக்கு முன் எழுதப்பட்டு, இன்று வேண்டாத கட்டளைகளைக் கற்பிக்கின்றன. அறிந்தார்க்கு அறிந்தார் எழுதியவை போலத் தோன்றுவன பல. மொழியறிந்தும் பொறியறியாத எம்போன்றார் அவற்றிடையே வழி தப்புகின்றோம். இவை திருத்தப்பட வேண்டிய குறைகளே.

ஆயின், ஐந்து நிமிடத்தில் முடிவது எவ்வாறு? ஆக்கியோர் ஒரு வீட்டுக்கு மட்டும் பாதை வெட்டி வைத்தமையால். மற்றை வீட்டார் முள்ளும் கல்லும் மிதித்து வந்து சேர்ந்தபின், 'உம் கால்கள் மெலிந்தவை' என்று கூறுதல் முறையோ? ஆடத்தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பர். ஈண்டோ, கூடம் உண்மையிலேயே கோணல். பழி மட்டும் ஆடினவள்மேல் விழுகின்றது.

'ஆக்கியோர் ஒவ்வோர் இயங்குதளத்திற்கும் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்க இயலுமோ? பெரும்பாலார் வைத்திருப்பதற்குத்தானே எழுதுவர்?' என்பது இரண்டாவது தடை. யாம் அவர்களை எழுதச் சொல்லவில்லை. கருவி கேட்கும் சொல் இன்னது, விடை இன்னது என்று வெளியிடுக என்றே கேட்கின்றோம். எழுதுவார் பலர் உளர், கூலியின்றியே எழுதுவர். இஃது இயலாத கோரிக்கையுமன்று. யு.எஸ்.பி. தரங்களை வகுக்கும் அமைப்பினர் 2011ஆம் ஆண்டில் 'எம்.பி.ஐ.எம்.' என்னும் பொதுவிதியை வெளியிட்டனர். அவ்விதிப்படி அமைந்த மோடத்திற்குத் தனித்தனி ஓட்டி வேண்டுவதில்லை. விதியறிந்த இயங்குதளம் எதுவாயினும் அதனொடு பேசவல்லது. ஒருவர் செய்து காட்டியதை மற்றையோரும் செய்யலாமன்றோ?

வெளியிடாமையால் விளையும் கேடு செல்வர்க்குப் பெரிதன்று. அவர் புதியதொன்று வாங்கிக்கொள்வர். கேடு முழுதும் எளியார்மேல் வீழ்கின்றது. பழங்கணினி ஒன்றையும் கைமாறிய கருவி ஒன்றையும் வைத்துக்கொண்டு படிக்க முயல்கின்ற மாணாக்கனுக்கு, 'இவையிரண்டும் சேரா' என்று கூறுவது, 'நீ படிக்க வேண்டா' என்று கூறுவதற்கு ஒப்பாகும். எந்தையாரின் உழைப்பில் வந்த அவ்விரு பொருளும் பழுதற்றவை. இடையே நின்றது ஒரு சொல். அதுவும் ஒளித்து வைத்த சொல்.

தமிழ் பயில்வோராகிய நமக்கு இது புதிய கதையன்று. சென்ற நூற்றாண்டுக்கு முன்னைய நூற்றாண்டில், நம் சங்க நூல்களும் காப்பியங்களும் ஏட்டுச்சுவடிகளாய்ப் பெட்டிகளிற் கிடந்தன. உடையார் பலர் காட்டவும் இசைந்திலர். செல்லரித்து மடிந்தன பல. சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஊர்தோறும் அலைந்து, கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டு, 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையும் சீவக சிந்தாமணியும் அச்சேறச் செய்தனர். அச்சேறியமையாலன்றோ அவை இன்று நம் பாடநூல்கள்! கருவியின் மறைமொழியைக் கருவி தோறும் தேடித் தொகுத்தோர் செயலும் இவ்வினத்ததே. ஒன்று கவிச்செல்வம், மற்றொன்று வெறும் எண்ணும் எழுத்தும் எனினும், பெட்டியிற் கிடந்ததைப் பொதுவாக்கிய பெருந்தன்மை ஒன்றே. கணினித் துறையார் மென்பொருளின் மூலத்தை 'மூலநிரல்' என்பர். மூலத்தை மறைத்துவிட்டு நூலை விற்பாரை நாம் யாங்ஙனம் மதிப்போம் என்பதை நேயரே எண்ணுக.

லினக்ஸ் பிறந்த வரலாறும் மாணாக்கரொருவரின் வரலாறே. 1983ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், எவரும் பயிலவும் திருத்தவும் பகிரவும் தக்க இயங்குதளமொன்றை ஆக்குவதாக அறிவித்தார். அச்சிடும் பொறியொன்றின் மூலநிரலைத் தமக்குத் தர மறுத்த நிகழ்ச்சியே தம் உள்ளத்தைத் திருப்பிற்று என அவர் கூறுவர். 1991ஆம் ஆண்டில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் இருபத்தோராம் வயதில், தாம் எழுதிய கருநிரலை உலகிற்கு வெளியிட்டார். எம்மினும் இரண்டாண்டே மூத்தவர்! ஓர் அச்சுப்பொறி வாய்மூடியதிலிருந்து அத்துணைப் பெரிய காரியம் எழுந்ததெனின், ஒரு டாங்கிள் வாய்மூடியதிலிருந்து நாம் ஒரு சிறு காரியமேனும் செய்தல் கூடாதோ?

அச்சிறு காரியம் யாது? மூன்றைக் கூறுவோம். முதலாவது, வாங்குமுன் வினவுதல். 'இக்கருவி லினக்சில் ஓடுமா? பொதுவிதிப்படி அமைந்ததா?' எனக் கடைதோறும் நாம் வினவத் தொடங்கின், கடைக்காரர் நிறுவனத்தாரை வினவுவர். வினவாத பொருளுக்கு விடை வாராது. இரண்டாவது, நம் கல்லூரிக் கணினிக் கூடத்தில், வாரத்தில் ஒரு மாலையேனும், எத்துறை மாணாக்கரும் தம் பழங்கணினியைக் கொணர்ந்து செப்பனிடக் கற்கும் வாய்ப்பு அளித்தல். இதற்குப் புதிய பொருட்செலவு வேண்டா. கற்ற மூத்தோர் இருவரும், வேண்டிய பொதிகளைக் கொண்ட பென்டிரைவ் ஒன்றும் போதும். எம் பேருந்துப் பயணம் இரண்டும் அவ்வாறு குறைந்திருக்கும். மூன்றாவது, கண்டதைத் தமிழில் எழுதுதல். இது தமிழ் ஆனர்ஸ் மாணாக்கரின் தனிக்கடன். பொறியறிவாளர் அறிந்ததை எழுத நேரம் பெறார். நாமோ எழுதக் கற்கவே வந்திருக்கின்றோம். 'குறுந்தகடாகத் தோன்றினால் அஞ்சற்க. வேடத்தை மாற்றும் மென்பொருளை முன்னரே இட்டுக்கொள்க. வாயிற்பெயரை எழுத்தெழுத்தாய் ஒப்பிடுக. அலை குறைந்தால் திண்ணைக்கு வருக. துளையை மாற்றிப் பார்க்க' என்னும் ஐந்து வரிகள் தமிழில் எம் கைக்குக் கிடைத்திருந்தால், ஐந்து நாள் எமக்கு மிஞ்சியிருக்கும். அவ்வரிகளை இதோ எழுதிவிட்டோம். வேறு கருவியில் வேறு இடர் கண்டார் தம் வரிகளையும் சேர்ப்பாராக.

'இலக்கியம் பயில்வார்க்கு மோடம் எற்றுக்கு?' என நகைப்பாரும் உளர். ஏடு எழுதிய காலத்தில் புலவன் எழுத்தாணி பிடிக்கவும் ஓலை வாரவும் அறிந்திருந்தான். அச்சு வந்தபோது தாள்திருத்தக் கற்றான். இன்று நூல்கள் கணினியில் வந்து தங்கியிருக்க, அவற்றிற்குச் செல்லும் வழியைப் பிறர் திறந்துவிடும்வரை வாயிலிற் காத்திருப்பது புலமைக்கு அழகன்று.

எம் தமக்கையார் சென்ற மாதம் வந்திருந்தார். பரணிற் போட்டுச் சென்ற கணினி மீண்டும் உழைப்பதைக் கண்டு, தம் மகனுக்கு இதுபோல் ஒன்று கிடைக்குமோ என்றார். பழங்கணினி ஒன்றைத் தேடித் தருவதாக ஒப்பினோம். டாங்கிளோடு எம் கைப்பட எழுதிய தமிழ்க் குறிப்புத் தாளொன்றும் உடன் செல்லும். ஆக்கியோர் வைக்க மறந்த தாள் அதுவே.